ஒற்றும் நூலும்: திருப்பூர்த் தொழிலுக்கு வேண்டிய இரு கண்கள்

திருக்குறளின் பொருட்பாலில் அரசியல் என்னும் இயலுள் இருபத்தைந்து அதிகாரங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஒற்றாடல். ஒற்றனைப் பற்றிப் பேசப் புகுந்த வள்ளுவர், அவ்வதிகாரத்தின் முதற் குறளிலேயே ஒற்றோடு நூலையும் சேர்த்து, அவ்விரண்டையும் அரசன் தன் கண்களாகக் கொள்ள வேண்டும் என்கிறார். வெளியே இன்று என்ன நடக்கிறது என்பதை ஒற்று உரைக்கும். நடப்பவற்றின் காரண காரியத் தொடர்பை நூல் உணர்த்தும். அவை நாளை எங்கே கொண்டு சேர்க்கும் என்று எண்ணிப் பார்க்கும் ஆற்றலையும் அதுவே தரும். அதே இயலில் அறிவுடைமை என்னும் அதிகாரத்தில், வரக்கூடியதை முன்னரே அறிந்து தற்காத்துக் கொள்வோர்க்கு நடுங்கத்தக்க துன்பம் நேர்வதில்லை என்றும் அவர் கூறியுள்ளார்.

இன்றைய மேலாண்மை இயலார் இவ்விரண்டையும் சந்தையறிவு என்றும் தொலைநோக்கு என்றும் வழங்குகின்றனர். விலை, வாங்குவோர் விருப்பம், போட்டியாளர் நிலை, அரசின் ஆணைகள் ஆகியவற்றைத் திரட்டுவது சந்தையறிவு. அவை ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து எவ்வெவ்வாறு உருமாறக் கூடும் என்று ஆராய்ந்து, அதற்கேற்ப இன்றே ஆயத்தமாவது தொலைநோக்கு. ஒரு நிறுவனத்தில் இவை தனித்தனியே இயங்கினால் பயனில்லை என்பது அவ்வியலார் கருத்து.

திருப்பூரில் நூல் என்று சொன்னால் பனியன் துணிக்குரிய பருத்தி நூலே எவர்க்கும் நினைவில் எழும். அந்நூலின் விலை நிலவரத்தை ஊரில் அறியாதார் இலர். வள்ளுவர் குறித்த மற்றை நூலுக்கு அத்தொழிலில் எத்துணை இடம் கிடைத்தது என்பதை வரலாற்றைக் கொண்டே ஆராய்வது தகும்.

செவியால் வளர்ந்த ஊர்

1925 ஆம் ஆண்டில் குலாம் காதர் அவர்கள் தொடங்கியதே திருப்பூரின் முதற் பின்னலாலை என்று அவ்வூர்த் தொழில் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் உள்நாட்டு மக்களுக்கான பனியன், ஜட்டி ஆகியவற்றையே ஊர் உற்பத்தி செய்தது. 1978 இல் இத்தாலி நாட்டு இறக்குமதியாளர் ஒருவர் பம்பாய் வணிகர்கள் வழியாக இங்கு வந்து வெள்ளை டீ சர்ட்டுகளை வாங்கிச் சென்றார். ஊரின் போக்கை மாற்றிய நிகழ்ச்சி அது. 1985 இல் 15 கோடி ரூபாயளவில் இருந்த ஏற்றுமதி, 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயாக வளர்ந்திருந்தது.

இவ்வளர்ச்சிக்கு உழைப்பும் துணிவும் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அது செய்தி பரவும் வேகம். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என ஒவ்வொரு வேலையும் தனித்தனிப் பட்டறைகளில் நடைபெறும் ஊர் இது. ஒரு பனியன் முழுமை பெறுமுன் பல கைகள் மாறுகின்றது. துணி கை மாறும்போது செய்தியும் கை மாறுகின்றது. எந்தக் கம்பெனிக்குப் புதிய பையர் வந்துள்ளார், எந்த நிறம் இப்பருவத்தில் மிகுதியாகக் கேட்கப்படுகிறது, யாருடைய ஷிப்மெண்ட் தள்ளுபடியாயிற்று என்பன சில நாட்களிலேயே ஊர் முழுவதும் தெரிந்துவிடும். பெருநிறுவனங்கள் பெரும் பொருட்செலவில் திரட்டும் செய்திகள் இங்கே தேநீர்க் கடை வாயிலில் கிடைக்கின்றன. ஆதலின், ஒற்று என்னும் கண் திருப்பூருக்கு இயல்பாகவே கூர்மையானது. மற்றைக் கண் எவ்வாறு இருந்தது என்பதை மூன்று நிகழ்ச்சிகள் காட்டும்.

நாள் குறித்து வந்த மாற்றம்

1974 முதல் உலக ஆடை வணிகம் கோட்டா முறையில் கட்டுண்டு கிடந்தது. எந்த நாடு எத்துணை ஆடை அனுப்பலாம் என்பதைப் பணக்கார நாடுகள் வரையறுத்தன. 1995 சனவரி முதல் நாள் உலக வணிக அமைப்பு தோன்றியபோது, இக்கோட்டாக்கள் பத்தாண்டுகளில் படிப்படியாக நீங்கும் என முடிவாயிற்று. 2004 திசம்பர் 31 அன்று அவை நீங்கின. நாள் குறித்து, முன்கூட்டியே அறிவித்து வந்த மாற்றம் இது.

இதனைத் திருப்பூர் நன்றாகவே எதிர்கொண்டது. 1990 இல் தோன்றிய திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் ஊருக்குப் பொதுக் குரலாக அமைந்தது. 1999 இல் நடுவண் அரசு தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைப் பயன்படுத்திப் பலர் செருமனி, சப்பான், தைவான் நாடுகளின் வட்டப் பின்னல் எந்திரங்களை வாங்கினர். கோட்டா நீங்கியபோது ஊர் தளரவில்லை, வளர்ந்தது.

ஆயினும் இவ்வெற்றியினுள்ளும் ஒரு குறை இருந்தது. கோட்டா நீங்கினால் சீனம் உலகச் சந்தையைக் கவ்விவிடும் என்றே பெரும்பாலோர் அந்நாளில் பேசினர். 2005 இலேயே ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் சீன ஆடைகளுக்குத் தற்காலிகத் தடைகளை விதித்தன. மறுபுறம், கோட்டா இல்லாவிடில் நலிந்துவிடும் என்று பலரும் கணித்த வங்காளதேசம் திருப்பூரின் கடும் போட்டியாளராக எழுந்தது. 2001 முதல் ஐரோப்பாவில் அந்நாட்டுக்கு வரியில்லா நுழைவு இருந்தது. இச்செய்தி மறைவாக இருந்ததன்று, அனைவர்க்கும் தெரிந்ததே. அது நாளை எவ்வளவு பெரிதாகும் என்று எண்ணியோர் மிகச் சிலரே.

கண்முன் ஓடிய ஆறு

இரண்டாம் நிகழ்ச்சி நொய்யலைப் பற்றியது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் ஆறு அது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு மிகுதியாகத் தேவைப்படும். அவ்வுப்பு துணியில் தங்காது. கழிவு நீரோடு வெளியேறும். 1990களில் ஏற்பட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் நீரின் நிறத்தைக் குறைத்தன; கரைந்த உப்பை நீக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992 இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது சாயக் கழிவே என்னும் நிலை தோன்றியது. பயிருக்கு நீர் வேண்டிய உழவர்களே அணை நீர் தங்கள் வயலுக்கு வேண்டாம் என்று போராடும் விந்தை நேர்ந்தது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். திருப்பூருக்குத் தண்ணீர்த் தொலைநோக்கு அறவே இல்லை என்று கூற இயலாது. சாயத்துக்கும் குடிநீருக்கும் நீர் போதாது என்று முன்னறிந்து, 1995 இல் புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. பவானிப் பகுதியிலிருந்து நெடுந்தொலைவு குழாய் பதித்து நாளொன்றுக்கு 18 கோடியே 50 இலட்சம் லிட்டர் நீர் கொணரும் பெருந்திட்டம் அதனால் நிறைவேறியது. ஊருக்குள் வரும் நீரைப் பற்றி இத்துணை ஆழமாகச் சிந்தித்தவர்கள், ஊரைவிட்டு வெளியேறும் நீரைப் பற்றி அவ்வாறு சிந்திக்கவில்லை. தமக்கு வேண்டுவதைப் பற்றி மட்டும் எண்ணுவதும், தம்மால் பிறர்க்கு விளைவதை எண்ணாது விடுவதும் தொலைநோக்கின் பெருங் குறைபாடு. அவ்வாறு விடுபட்டதே பின்னர்த் தம்மை நோக்கித் திரும்பி வருகிறது.

அவ்வாறே திரும்பியும் வந்தது. ஆயக்கட்டு உழவர்கள் தொடுத்த வழக்கில், கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்று 2006 திசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2009 இல் உச்சநீதிமன்றமும் சாயப்பட்டறைகளின் பொறுப்பை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாமையால் 2011 சனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் அடைபட்டன. சாயமேற்றத் துணியை வெளியூர்களுக்கு அனுப்ப நேர்ந்தது. தொழிலாளர் பலர் வேலையிழந்து ஊர் திரும்பினர்.

பின்னர் எதிர்ச் சவ்வூடு முறையும் ஆவியாக்கும் கலன்களும் அமைந்தன. நீரும் உப்பும் மீட்டுப் பயன்படுத்தப்பட்டன. இன்று ஐரோப்பியப் பையர்களிடம் திருப்பூர் எடுத்துக்காட்டும் பெருமைகளுள் இதுவும் ஒன்று. நீதிமன்றம் வற்புறுத்திய பின் செய்ததைப் பத்தாண்டு முன்னரே தாமாக முனைந்து செய்திருந்தால், உழவர் நிலமும் ஓரளவேனும் காக்கப்பட்டிருக்கும்; சந்தையில் அப்பெருமையும் முன்னரே கிட்டியிருக்கும். ஆற்றின் நிறத்தைப் பாலத்தின் மீது சென்ற ஒவ்வொருவரும் கண்டனர். செய்திப் பஞ்சம் அங்கே சிறிதும் இல்லை.

ஒற்றை எதிர்காலத்தை நம்பியோர்

மூன்றாம் நிகழ்ச்சி பணத்தைப் பற்றியது. 2007 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 44 ரூபாயளவில் இருந்த மதிப்பு, அவ்வாண்டு இறுதியில் 40க்கும் கீழே வந்தது. ஏற்றுமதியாளரின் வருவாய் கரைந்தது. ரூபாய் மேன்மேலும் வலுப்பெறும் என்று எங்கும் பேசப்பட்டது. இந்நிலையில் சிலர் வங்கிகள் முன்வைத்த சிக்கலான அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டனர். அவற்றுட் சில, பனியன் தொழிலோடு தொடர்பே இல்லாத சுவிஸ் பிராங்க், யென் ஆகிய நாணயங்களின் ஏற்றத்தாழ்வைச் சார்ந்தவை. நாணயங்கள் எதிர்த்திசையில் நகர்ந்தன. 2008 இறுதியில் டாலர் 48 ரூபாயை எட்டியது. அவ்வொப்பந்தங்களால் பெரும் இழப்பு நேர்ந்து, வழக்குகளும் எழுந்தன. இத்தகைய ஒப்பந்தங்களில் விதி மீறியமைக்காக 19 வங்கிகளுக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2011 இல் அபராதம் விதித்தது.

நாளைக்கு என்ன நடக்கும் என்று ஒரே விடையைக் கூறுவது ஆரூடம். அதனைத் தொலைநோக்கு என்று மயங்குவதால் விளையும் கேட்டுக்கு இது தக்க சான்று. ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் இலண்டன் அலுவலகத்தில் 1970களின் தொடக்கத்தில் பியர் வாக் என்னும் பிரெஞ்சுக்காரரும் அவர்தம் துணைவரும் வேறொரு வழியைக் கையாண்டனர். எண்ணெய் விலை இதுவாகத்தான் இருக்கும் என்று அவர்கள் கணிக்கவில்லை. நடக்கக் கூடிய எதிர்காலங்கள் சிலவற்றை வரைந்து, ஒவ்வொன்றிலும் நாம் என்ன செய்வோம் என்று மேலாளர்களைச் சிந்திக்கச் செய்தனர். எண்ணெய் வள நாடுகள் விலையை உயர்த்தக் கூடும் என்பது அவற்றுள் ஒன்று. 1973 அக்டோபரில் அராபிய நாடுகள் எண்ணெய்த் தடை விதித்து, சில திங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, ஷெல் மேலாளர்களுக்கு அந்நிலை முற்றிலும் புதியதாக இல்லை.

சிறு தொழிலுக்கு இயலுமா?

'ஷெல் எங்கே, இருபது பவர் டேபிள் வைத்திருக்கும் எம் ஜாப் ஒர்க் பட்டறை எங்கே?' என்று ஒருவர் கேட்பின், அக்கேள்வி நியாயமானதே. ஆர்டரின் விலை பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிறது. நூல் விலையோ இடையில் ஏறுகிறது. 2022 மே மாதத்தில் பஞ்சு விலை 356 கிலோ கொண்ட கண்டிக்கு ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டியபோது, நூல் விலையுயர்வைக் கண்டித்து ஊரே இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது. இத்தகைய நெருக்கடியில் உழல்பவரிடம் பத்தாண்டு கழிந்த நிலையை எண்ணுக என்று கூறுவது எளிது, எண்ணுவது அரிது.

ஆனால் தொலைநோக்கு இன்மையின் விலையை முதலில் செலுத்துவோர் அச்சிறியோரே என்பதை மறத்தல் கூடாது. 2011 இல் பட்டறை மூடியபோது பெரிய நிறுவனங்கள் வெளியூரில் சாயமேற்றிக் கொண்டன. சிறு பட்டறையாளர் கடனில் மூழ்கினர். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோதும் இதுவே நிகழ்ந்தது. திருப்பூர் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்களவு அந்நாட்டுக்கே சென்று கொண்டிருந்தது. பல நாடுகளுக்கு அனுப்புவோர் தாங்கினர். ஒரே நாட்டை, ஒரே பையரை நம்பியோர் தவித்தனர். அவர்தம் ஆர்டரை நம்பிய செக்கிங் பெண்களும், பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளரும் அதனினும் மிகுதியாகத் தவித்தனர்.

தனியொருவரால் இயலாததை ஊர் கூடிச் செய்யலாம். இதற்கு இலங்கை சான்று. கோட்டா நீங்குவதை எதிர்நோக்கி அந்நாட்டு ஆடைத் தொழிலார் 2002 இல் ஒரே பொதுமன்றமாகத் திரண்டு ஐந்தாண்டுத் திட்டம் வகுத்தனர். மலிவு விலையில் பெருநாடுகளோடு போட்டியிடல் இயலாது என்று உணர்ந்து, நேர்மையான பணிச்சூழலில் தைக்கப்பட்ட ஆடை என்பதையே தம் அடையாளமாக்கி 2006 இல் உலகெங்கும் அறிவித்தனர். 2008 இல் பசுமை ஆலைகளை எழுப்பினர். 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய வரிச்சலுகை பறிபோனபோதும் அத்தொழில் சாயவில்லை.

இன்று தெரியும் குறிகள்

எதிர்காலத்தின் குறிகள் சில இப்போதே தெரிகின்றன. உலகில் பயன்படும் இழைகளில் பெரும்பகுதி செயற்கை இழை. திருப்பூரோ பெரிதும் பருத்தியைச் சார்ந்தது. கோடைக்கால ஆடைகளில் வல்ல ஊருக்குக் குளிர்கால ஆர்டர் குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 2024 சூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒரு பொருள் எதனால் ஆனது, எவ்வாறு செய்யப்பட்டது என்பதைக் காட்டும் மின்னணுச் சான்றினைப் படிப்படியாகக் கட்டாயமாக்க வழிவகுத்துள்ளது. அதில் முதலில் கவனம் பெறுவனவற்றுள் துணியும் ஒன்று. அவ்வாறாயின், துணி சென்ற ஒவ்வொரு ஜாப் ஒர்க் பட்டறையும் தன் கணக்கைக் காட்ட வேண்டிவரும். வங்காளதேசம் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து நீங்குவதற்கு 2026 நவம்பர் மாதத்தை ஐ.நா. பொதுப்பேரவை 2021 இல் குறித்தது. அந்நீக்கத்துக்குப் பின்னும் மூன்றாண்டுகள் ஐரோப்பியச் சலுகை தொடர வழியுண்டு. இவை யாவும் செய்தித்தாளில் வந்தவையே. இவற்றை ஒருங்கே வைத்து, நம் பட்டறைக்கு இதனால் என்ன ஆகும் என்று கேட்கும் இடந்தான் இல்லை.

செய்யத்தக்கவை

அவ்விடத்தை உருவாக்கப் பெரும்பொருள் தேவையில்லை. முதலாவதாக, ஊரில் வாய்மொழியாக உலவும் செய்தியை எழுத்தில் பதிய வேண்டும். ஒரு பையர் ஏன் ஆர்டர் தந்தார் என்பதைவிட ஏன் தராமற் சென்றார் என்பதே மிகுந்த பயன் தரும் செய்தி. ஒருவர் கூறியதை மற்றொருவரைக் கொண்டு ஒப்புநோக்க வேண்டும் என்று ஒற்றாடல் அதிகாரம் கூறும் நெறி இங்கே பொருந்தும்.

இரண்டாவதாக, சங்கங்கள் ஆண்டுக்கு இருமுறை கூடி, நடக்கக் கூடிய மூன்று எதிர்காலங்களையேனும் வரைந்து ஆராய வேண்டும். அவ்வவையில் ஏற்றுமதியாளர் மட்டும் அமர்ந்தால் நொய்யலின் கதையே மீளும். கடைமடை உழவர், தொழிற்சங்கத்தார், ஜாப் ஒர்க் செய்வோர், வெளிமாநிலத் தொழிலாளர் ஆகியோர்க்கும் அங்கே இருக்கை வேண்டும். தீங்கு எவர் வாயிலை முதலில் தட்டுகிறதோ அவரே அதனை முதலில் அறிவார். ஒரத்துப்பாளையத்து உழவர் 1990களில் கூறியதைச் செவிமடுத்திருந்தால் 2011 இன் அடைப்பு நேர்ந்திராது.

மூன்றாவது கடமை கல்லூரிகளுக்கு உரியது. குறிப்பாகத் தமிழ்த்துறைகளுக்கு உரியது. வாணிக ஒப்பந்தங்களும் ஐரோப்பியச் சட்டங்களும் வங்கிப் பத்திரங்களும் ஆங்கிலத்தில் உள்ளன. பட்டறை உரிமையாளரும் சூப்பர்வைசரும் எண்ணுவது தமிழில். படித்துப் புரியாத பத்திரத்தில் கையொப்பமிட்டமையால் நேர்ந்த இழப்பை 2008 காட்டியது. தொழில் சார்ந்த ஆவணங்களைத் தெளிந்த தமிழில் சுருக்கித் தரும் பணியை மாணவர்கள் மேற்கொள்ளலாம். வணிகவியல் மாணவர் பொருளை விளக்க, தமிழ் மாணவர் மொழியைச் செப்பம் செய்யலாம். இலக்கியம் பயின்றோர்க்கு இது இழுக்கன்று. ஒற்றையும் நூலையும் ஒருசேரக் கருதிய புலவரைப் பாடமாகக் கொண்டோர்க்கு இதனினும் ஏற்ற பணி வேறில்லை.

திருப்பூரின் செவி கூரியது, கை வலியது. நூற்றாண்டை எட்டிய அத்தொழில் இனியும் வாழ, கேட்டதை எண்ணிப் பார்க்கும் அவை ஒன்று அவ்வூருக்கு வேண்டும். அவ்வவையின் நடவடிக்கைகள் தமிழில் நிகழவும், அதன் ஓலை சாயப்பட்டறைத் தொழிலாளியின் கைக்கும் எட்டவும் ஆவன செய்தல், இம்மண்டலத்துக் கல்லூரிகளில் பயிலும் இளைஞர்தம் கடமையாகும்.